மூன்று முறை அலசியும் போகாத சோப்பு

வாஷிங் மெஷினில் துவைத்த துணியில் சோப்பு தங்கியிருப்பது பல விதமாகத் தெரியவரும். கறுப்புச் சட்டையின் மடிப்புகளில் வெள்ளைத் திட்டு படியலாம். காய்ந்து விறைத்த துண்டு, ஈரம் பட்டதும் வழவழக்கலாம். துணி முழுக்க மங்கிச் சொரசொரவென்று ஆகலாம். எல்லாவற்றுக்கும் "மெஷின் சரியாக அலசவில்லை" என்ற ஒரே புகார்தான் சர்வீஸ் சென்டருக்குப் போகிறது. ஆனால் காரணங்கள் வேறு வேறு.

முதலில் படிந்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். திட்டின் மேல் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கரைந்து வழுக்குமானால் அது கரையாமல் தங்கிய பவுடர். தண்ணீருக்கு அசையாமல் எலுமிச்சைச் சாற்றுக்குக் கரைந்தால் பெரும்பாலும் அது சுண்ணாம்புப் படிவு. தண்ணீரின் குற்றம், மெஷினின் குற்றமல்ல. கடைசி அலசலில் சேரும் வாசனைத் திரவம், அதாவது ஃபேப்ரிக் கண்டிஷனர், நூலில் ஒட்டிக்கொண்டு நிற்பதற்கென்றே செய்யப்பட்டது. அது தரும் வழவழப்பை எத்தனை முறை அலசினாலும் நீக்க முடியாது. சோப்பு என்று எண்ணி அலைவதும் வீண்.

கரையாத பவுடரின் கதை பெரும்பாலும் சோப்பு டிராயரில் தொடங்குகிறது. டிராயரில் விழும் தண்ணீர் பவுடரை அடித்து உள்ளே தள்ள வேண்டும். அதற்கு அழுத்தம் தேவை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். பல மெஷின்கள் கேட்கும் குறைந்தபட்ச அழுத்தம் 0.3 முதல் 0.5 பார், தொட்டி நீர்மட்டம் மெஷினுக்கு மேல் மூன்று முதல் ஐந்து மீட்டராவது இருக்க வேண்டும் என்று அர்த்தம். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள கடைசி மாடி வீட்டில் இந்த உயரம் பல நேரம் கிடைப்பதில்லை. மெஷினின் இன்லெட் வால்வில் மின்சாரம் திறப்பது ஊசித்துளை போன்ற ஒரு சிறு வழியை மட்டுமே. பெரிய வழியை மூடியிருக்கும் ரப்பர் சவ்வைத் தண்ணீரின் அழுத்தமே தூக்குகிறது. அழுத்தம் குறைந்தால் சவ்வு முழுதாக எழாது, தண்ணீர் ஒழுகும், டிராயரில் பவுடர் களியாகக் கட்டி நிற்கும். அந்தக் கட்டி அலசும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து உள்ளே விழும். அலசத்தானே தண்ணீர் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, புதிதாகச் சோப்பு வந்துகொண்டிருக்கும்.

அழுத்தம் போதுமான வீட்டிலும் இன்லெட் குழாயைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. வால்வின் வாயில் விரல்நுனி அளவில் ஒரு வலை இருக்கும். போர் தண்ணீரின் மணலும் குழாய்த் துருவும் அதில்தான் அடைகின்றன. குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வலையை இடுக்கியால் மெல்ல இழுத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

இனி அலசல். இங்கேதான் பலரும் தவறான இடத்தில் கவனம் வைக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் ஊற்றப்படுகிறது என்பதைவிட, அடுத்த தண்ணீர் வருவதற்கு முன் பழைய தண்ணீர் எவ்வளவு வெளியேறியது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

ஐந்து கிலோ துணி, 60 கிராம் பவுடர், 20 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். துவைத்து முடிந்ததும் நன்றாகச் சுழற்றிப் பிழிந்தால் துணியில் சுமார் மூன்று லிட்டர் தங்கும். அதில் 9 கிராம் சோப்பு. ஒவ்வொரு அலசலிலும் 20 லிட்டர் மட்டத்துக்கு நிரப்பி, மீண்டும் மூன்று லிட்டர் தங்கும்வரை பிழிந்தால் சோப்பு 1.35 கிராம், 0.2 கிராம், 0.03 கிராம் என்று சரியும். இப்போது ஸ்பின் சரியாக நடக்காமல் ஒவ்வொரு முறையும் பத்து லிட்டர் துணியிலேயே நின்றுவிட்டால்? தொடக்கத்திலேயே 30 கிராம் தங்கும். பிறகு 15, ஏழரை, கடைசியில் 3.75 கிராம். அதே மூன்று அலசல்; மிச்சமோ நூறு மடங்குக்கு மேல். சோப்பு நூலில் ஒட்டாமல் தண்ணீரில் சீராகக் கலக்கிறது என்று கொண்ட எளிய கணக்குதான் இது. ஆனாலும் அடிப்படை உண்மை இதில் அப்படியே இருக்கிறது.

அரிசி களைபவர்களுக்கு இது கைப்பழக்கமாகத் தெரியும். முதல் கழுநீரை ஒட்ட வடிக்காமல் பாதியை விட்டுவைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினால் மூன்றாம் தண்ணீரும் பால் நிறத்திலேயே இருக்கும். பானையைச் சாய்த்து விரலிடுக்கில் வடிப்பது, டிரம்மின் துளைகள் வழியே ஸ்பின் செய்யும் அதே வேலை. பானை முட்ட அரிசி போட்டால் கைவிட்டுக் கலக்க இடமிருக்காது. டிரம்மைத் திணித்து நிரப்பினாலும் அதுவே நேரும், நடுவில் சுருண்ட துணிக்குள் புதுத் தண்ணீர் போகவே போகாது. ஓர் இடத்தில் மட்டும் அரிசி வழி பிரிகிறது: கழுநீரின் மெல்லிய நுரை பானையைச் சாய்க்க விடாமல் தடுப்பதில்லை. மெஷினில் நுரை தடுக்கிறது.

நுரையின் வேலை வியப்புக்குரியது. துளையுள்ள டிரம், அதைச் சுற்றி அசையாத வெளித்தொட்டி, இரண்டுக்கும் நடுவே குறுகிய இடைவெளி. ஸ்பின் வேகமெடுக்கும்போது பிழிபடும் சோப்புத் தண்ணீர் காற்றோடு அடிபட்டு அந்த இடைவெளியை நுரையால் அடைத்துவிடுகிறது. சுழலும் டிரம் நுரையை இழுக்க வேண்டியிருப்பதால் மோட்டாரின் பளு ஏறுகிறது. அதைக் கவனிக்கும் மின்னணுச் சுற்று வேகத்தைக் குறைக்கிறது, அல்லது ஸ்பின்னையே கைவிடுகிறது. கீழே இருக்கும் பம்பாலும் உதவ முடியாது. அது தண்ணீரை அதன் எடையைக் கொண்டுதான் வீசித் தள்ளுகிறது. நுரையோ பெரும்பகுதி காற்று. பிழியாததால் சோப்பு தங்குகிறது; தங்கிய சோப்பு அடுத்த தண்ணீரில் மறுபடி நுரைக்கிறது; அந்த நுரை அடுத்த ஸ்பின்னையும் கெடுக்கிறது. ஒரு கரண்டி பவுடர் கூடுதலாகப் போட்டதில் தொடங்கிய இந்தச் சுற்று, கூடுதல் அலசல் ஒன்றிரண்டில்கூட முடியாமல் போகலாம்.

நுரை பொங்கினால்தான் அழுக்கு போகும் என்று விளம்பரங்கள் பல தலைமுறைகளைப் பழக்கிவைத்திருக்கின்றன. அழுக்கைப் பெயர்ப்பது தண்ணீரில் கரைந்த மூலக்கூறுகளே. நுரை அந்த வேலைக்கு அவசியமில்லை. ஃப்ரண்ட் லோடு பவுடர்களில் நுரையை அடக்கும் பொருள்கள் சேர்க்கப்படுவதும் அதனால்தான். பக்கெட்டில் ஊறவைக்கும் பவுடரை அந்த மெஷினில் போடவே கூடாது.

சுண்ணாம்புப் படிவுச் சிக்கலில் வரலாற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. 1946-ல் அமெரிக்காவில் வந்த டைட் என்ற சலவைப் பவுடர், பாஸ்பேட்டைத் துணையாகக் கொண்டது. கடினநீரின் கால்சியத்தைப் பாஸ்பேட் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், எதுவும் படியாது. ஆனால் அது ஏரிகளில் பாசியைப் பெருக்கியதால் பல நாடுகள் கட்டுப்படுத்தின. அதன் இடத்துக்கு வந்த ஜியோலைட் கரையாத நுண்துகள். சலவைச் சோடாவோ கால்சியத்தைச் சுண்ணாம்பாக மாற்றிப் படியவைக்கிறது. ஏரிகளுக்காக இந்த விலை கொடுக்கத் தகுந்ததே.

ஆகவே போர் தண்ணீர் வீடுகளில் அலசும் தண்ணீரே படிவைத் தரலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்க கடினத்தன்மையாக லிட்டருக்கு 200 மில்லிகிராமும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரையும் ஏற்கிறது. அலசும் ஒவ்வொரு முறையும் புதுக் கால்சியம் உள்ளே வந்து, துணியில் மிஞ்சிய சோடாவோடு சேர்ந்து நூலின் மேலேயே படிகிறது. லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் மாறி மாறி வரும் சென்னை வீடுகளில் ஒரே அளவு பவுடர் எல்லா நாளும் பொருந்தாததற்குக் காரணம் இதுதான். குழாயில் மாட்டும் காந்தப் பட்டைகளை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். அவை கால்சியத்தை எடுப்பதில்லை. பிசின் நிரப்பிய சாஃப்ட்னர் உண்மையாகவே எடுக்கிறது. அதைப் பொருத்தியபின் நுரை கூடும் என்பதால் பவுடரைக் குறைக்க வேண்டும்.

வெளியேறும் வழியையும் பார்த்துவிட வேண்டும். ஃப்ரண்ட் லோடில் கீழ் மூலை மூடிக்குள் உள்ள ஃபில்டரில் நாணயம், ஹேர்பின், நூல் உருண்டை எல்லாம் சேரும். பம்பு உள்ள மெஷினின் டிரெயின் ஹோஸைப் பாத்ரூம் தரையில் போட்டுவைத்தால், நிரம்பும்போதே தண்ணீர் தானாக இழுபட்டு ஓடிவிடும். கையேடு சொல்லும் உயரத்தில் மாட்ட வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் தீர்வு இன்னும் எளிது. சோப்புத் தண்ணீரோடு துணியை அலசும் தொட்டிக்குள் அப்படியே போடாமல், முதலில் ஸ்பின் டப்பில் ஒருமுறை பிழிந்துவிட்டு அலச வேண்டும்.

மெஷினைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை: துணியும் பவுடரும் இல்லாமல், சூடான தண்ணீரில் ஒருமுறை ஓடவிட்டுக் கவனியுங்கள். நுரை தெரிந்தால் பழைய சோப்பு உள்ளே தங்கியிருக்கிறது. நுரை நிற்கும்வரை வெறுமனே ஓட்டுங்கள். சிட்ரிக் அமிலமோ வினிகரோ ஊற்றுவதானால் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ கூடவே சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அடுத்த துவையலிலிருந்து பவுடரைப் பாதியாக்கி, டிரம்மின் மேல்பகுதியில் ஒரு சாண் இடம் விட்டுத் துணி போடுங்கள். அதற்குப் பிறகும் ஸ்பின்னில் டிரம் வேகம் எடுக்கவில்லை என்றால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.