குளத்துக்கு உயிர் கொடுப்போம்

“குளமா? கொசு வருமே!” வட்டாரத்தில் குளம் ஒன்றைச் சீரமைக்கும் பேச்சு எழுந்தாலே முதலில் ஒலிப்பது இந்தக் குரல்தான். டெங்கிக் காய்ச்சலைக் கண்ட சிங்கப்பூரில் இந்த அச்சம் இயல்பானதே. ஆனால், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பூச்சாடித் தட்டு, வாளி போன்றவற்றில் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. உயிர்த்துடிப்புள்ள குளத்திலோ சிறு மீன்களும் தட்டான்பூச்சியின் இளம்புழுக்களும் கொசுப்புழுக்களைத் தின்றுவிடுகின்றன.

உயிர்த்துடிப்புள்ள குளம் எப்படி இருக்கும்? நான்கு பக்கமும் சிமெண்டு பூசினால் குளம் தொட்டியாகிவிடும். கரை சரிவாக இறங்க வேண்டும். ஆழம் குறைந்த ஓரத்தில்தான் கோரையும் நாணலும் வேர்பிடிக்கும், தவளை முட்டையிடும். வேர்களும் அவற்றை ஒட்டி வாழும் நுண்ணுயிர்களும் நீரிலுள்ள கழிவுச் சத்துகளை எடுத்துக்கொள்ளும்.

பீஷான் - அங் மோ கியோ பூங்கா இதற்குச் சான்று. பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயில் ஓடிய காலாங் ஆறு, 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்தோடும் இயற்கை ஆறாக மாற்றப்பட்டு, 2012ல் திறக்கப்பட்டது. பூங்காவின் குளத்து நீர், செடிகள் நிறைந்த பாத்திகளின் வழியே செலுத்தப்பட்டு, ரசாயனமின்றித் தூய்மையாகிறது. பின்னர் நீர்நாய்களும் அங்கே வந்தன.

குளங்களைப் பல நேரங்களில் கெடுப்பது அன்புதான்! பிள்ளைகளோடு வருவோர் மீனுக்கு ரொட்டியை வீசுகிறார்கள். மிஞ்சியது அழுகிப் பாசியைப் பெருக்குகிறது. பாசி மிகுந்தால் இரவில் நீரில் பிராணவாயு குறையும். விடிந்தால் மீன்கள் செத்து மிதக்கும். வளர்க்க முடியாத ஆமையைக் குளத்தில் விடுவதும் புண்ணியமாகாது. அது அங்குள்ள உயிர்களின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். சிங்கப்பூரில் இப்படி அனுமதியின்றி விடுவது சட்டப்படி குற்றமும்கூட.

குளம் மனத்துக்கும் மருந்தாகுமா? மரங்கள் தெரியும் ஜன்னலோரம் இருந்த அறுவை சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட விரைவாக வீடு திரும்பினர் என்று ரோஜர் உல்ரிச் 1984ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பசுமையைப் பார்ப்பதே இவ்வளவு நன்மை தருமென்றால், அதைப் பேணும் வேலையில் அண்டை வீட்டாரோடு கைகோப்பது எத்தனை இதமாக இருக்கும்!

அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கும் தாத்தாவும், கைப்பேசியை விட்டுத் தலைநிமிராத பேரனும் ஒரே தட்டானைப் பார்த்து நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் காப்பது, ரொட்டித் துண்டை வீசாமல் கையை மடக்கிக்கொள்வதிலிருந்து தொடங்குகிறது.