சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர்களுக்கு ஏன் ‘ஒரே பெரிய ஆப்’ செட் ஆகல?

ஸ்டார் ட்ரெக்கில் இருந்து டூன் வரை, சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர்கள் ஆன்லைனில் ஒரே இடத்தில் கூடுவதில்லை. சின்னச் சின்னத் தளங்களில் பரவிக் கிடக்கிறார்கள். ஏன்?

பழக்கம் பழசு

1926-ல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் அமெரிக்காவில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்கள் முகவரியோடு அச்சாகின. விளைவு? வாசகர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக எழுத ஆரம்பித்தார்கள். 1930-களில் சொந்தமாகவே சின்ன இதழ்கள் நடத்தினார்கள். தலைமை அலுவலகம் எல்லாம் கிடையாது.

2007 கொடுத்த அடி

2007 மே மாதம் லைவ்ஜர்னல் தளம் நூற்றுக்கணக்கான கணக்குகளை முடக்கியது. ரசிகர் கதைக் குழுக்களும் அதில் சிக்கின. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பல கணக்குகளைத் திருப்பித் தந்தது. ஆனாலும் ஒரு விஷயம் புரிந்துவிட்டது: சர்வர் யாருடையதோ, அவர் வைத்ததுதான் சட்டம்.

தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ 2009-ல் திறக்கப்பட்டது. விளம்பரம் இல்லை, நன்கொடைதான். 2019-ல் ஹ்யூகோ விருதே வாங்கியது.

மாஸ்டடான் எப்படி?

ஜிமெயிலில் இருந்து யாகூவுக்கு மெயில் போகிற மாதிரிதான். சர்வர்கள் வேறு வேறு, பேச்சு பொது. ‘வாண்டரிங் ஷாப்’ என்ற சர்வர் சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆட்களுக்கானது. ஒவ்வொரு சர்வருக்கும் தனி விதி. ஸ்பாய்லரை மறைத்துப் போடலாம். பிடிக்கலையா, ஃபாலோயர்களோடு வேறு சர்வருக்கு மாறலாம்.

சிக்கலே இல்லையா?

இருக்கு. மாறும்போது பழைய பதிவுகள் கூட வராது. நடத்துபவர் களைத்துப்போனால் சர்வரே மூடப்படலாம். ஆக, வாடகை வீடோ சொந்த வீடோ, எழுதியதற்கு ஒரு காப்பி கையில் இருக்கட்டும்.