வாலில்லா ஜெட்டுக்கு எடை எங்கே இருக்க வேண்டும்?

தேஜஸ் போர் விமானத்தின் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால், எவ்வளவு தேர்ந்த விமானியாலும் அதைக் கட்டுப்படுத்த முடியாது. தெரிந்தேதான் அப்படி வடிவமைத்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்துக்குப் பின்னால் கிடைவால் இல்லை. முக்கோண இறக்கை மட்டுமே. எடை மையத்தையும் வழக்கத்தைவிடப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். மூக்கு சற்று விலகினாலும் விலகிக்கொண்டே போகும். கம்ப்யூட்டர் நொடிதோறும் பலமுறை அதைத் திருத்துகிறது. வளைந்து திரும்பும் வேகம் அதனால்தான் கிடைக்கிறது.

சூலூரில் தேஜஸ் படையணிகள் வந்த பிறகு, ரேடியோவால் இயக்கும் ஆர்சி மாடல் செய்யும் நம் பிள்ளைகளுக்கு அந்த வடிவத்தின் மேல் தனி ஆசை. வரைபடத்தை அப்படியே சிறிதாக்கி, தெர்மகோலிலும் சன்போர்டிலும் வெட்டி ஒட்டுகிறார்கள். எடையையும் அசல் விமானத்தைப் போலவே வைத்தால், கையை விட்டதும் மூக்கைத் தூக்கிக் குட்டிக்கரணம் அடித்து விழும்.

இதற்கு விடை பிரெஞ்சுக்காரர்களின் அனுபவத்தில் இருக்கிறது. 1956-ல் பறந்த தஸ்ஸோ நிறுவனத்தின் மிராஜ் 3 விமானமும் வாலில்லா முக்கோணம்தான். விமானத்தை நிலைப்படுத்தும் கம்ப்யூட்டர் இல்லாத காலம் என்பதால் எடையை முன்னால் வைத்தார்கள். விமானம் தானாகவே நிலைத்து நின்றது. விலை என்ன? தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க, இறக்கையின் பின்விளிம்புப் பலகைகளை மேலே மடக்க வேண்டும். அது தூக்குவிசையைக் குறைக்கும். ஆகவே வேகமாகத்தான் இறங்க முடியும், நீண்ட ஓடுபாதையும் வேண்டும். 1978-ல் பறந்த மிராஜ் 2000-ல் கம்ப்யூட்டர் வந்தது, எடை பின்னால் போனது. மாடல் செய்பவர் பின்பற்ற வேண்டியது மூத்த மிராஜை.

கணக்கு எளிது. கூர்முனை கொண்ட முக்கோண இறக்கையின் நடுக்கோடு 60 சென்டிமீட்டர் என்றால், நடுநிலைப் புள்ளி (எடை மையம் இதற்கு முன்னே இருந்தால்தான் விமானம் தானாக நிலைக்கும்) ஏறக்குறைய அதன் பாதியில், முனையிலிருந்து 30 சென்டிமீட்டரில் அமையும். சராசரி நாண் அந்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40 சென்டிமீட்டர். நடுநிலைப் புள்ளியிலிருந்து அதில் பத்து சதவீதம் முன்னே வந்தால் 26 சென்டிமீட்டர்; மாடல்காரர்கள் சிஜி என்று சொல்லும் எடை மையம் அங்கேதான் வர வேண்டும். முன்னே நீண்ட மூக்கு இருந்தால் நடுநிலைப் புள்ளி இன்னும் முன்னால் நகரும், சிஜியும் கூடவே நகர வேண்டும். இறக்கையின் அடியில் சிஜி வர வேண்டிய இடத்தில் இருபுறமும் விரலை வைத்துத் தூக்கிப் பாருங்கள். மூக்கு இலேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். தாழாவிட்டால் லிப்போ பேட்டரியை முன்னே தள்ளுங்கள். எலிவான்கள் எனப்படும் பின்விளிம்புப் பலகைகளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே வைத்து, மோட்டார் ஓடாமல் புல்தரையில் மெதுவாக வீசிப் பார்க்க வேண்டும்.

இப்போது மலிவாகக் கிடைக்கும் ஜைரோவைப் பொருத்திவிட்டால் சிஜியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜைரோ காற்றின் அசைவைத் தணிக்கும். தப்பாக வைத்த எடையை அது முன்னால் கொண்டுவந்து வைக்காது. இடிஎஃப் எனப்படும் மின்விசிறி ஜெட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. விசையைக் கூட்டிய பிறகு சுழற்சி ஏறச் சற்று நேரம் பிடிக்கும். முக்கோண இறக்கையோ மூக்கைத் தூக்கித் தூக்கி வேகத்தை இழந்து, சத்தமில்லாமல் சரிந்து இறங்கும் குணம் கொண்டது. எனவே இறங்கும்போது விசையை முழுதாக அணைக்காதீர்கள்.

செங்குத்து வாலும் இல்லாத பறக்கும் இறக்கை இன்னும் கடினம். டிஆர்டிஓ அப்படியொரு ஆளில்லா ஜெட்டை 2022 ஜூலை 1 அன்று சித்ரதுர்காவில் பறக்கவிட்டது. முதல் மாடலுக்கு அந்த வடிவம் வேண்டாம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லாஸ்பேட்டை விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நகரத்துத் திடல் எதுவும் அதற்கு வெகுதூரமில்லை. 2021 ட்ரோன் விதிகள் மாடல் விமானங்களுக்குச் சலுகை தந்தாலும், விமான நிலையத்தைச் சுற்றியுள்ள சிவப்பு மண்டலத்தில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலத்தைத் தேடி, கடற்காற்று எழுவதற்கு முன் காலையிலேயே கிளம்புங்கள்.