நாலு பேர் குடிக்கும் தண்ணீர்

ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போகப் போகிறீர்களா? அவசியம் போய்விட்டு வாருங்கள். தானாகவே தோன்றிய எட்டு க்ஷேத்திரங்களில் ஒன்று என்று வைஷ்ணவர்கள் கொண்டாடும் ஸ்தலம் அது. விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால், பூவராக ஸ்வாமி சந்நிதியில் நின்று கண்குளிரத் தரிசனம் செய்யலாம்.

பிரயாணத்துக்கு மூட்டை கட்டும்போது எதை மறந்தாலும் புளியோதரையை மறக்க மாட்டீர்கள். குழந்தைக்கு மாற்றுச் சட்டை, பாட்டிக்குத் தைலம், அர்ச்சனைக்குத் தேங்காய் எல்லாம் ஞாபகமாகப் பைக்குள் போய்விடும். "தண்ணீர்?" என்று யாராவது கேட்டால் மட்டும், "அது போகிற இடத்தில் கிடைக்காதா என்ன?" என்று சொல்லிவிடுவீர்கள்.

கிடைக்கும், தாராளமாகவே கிடைக்கும். அப்படிப் போகிற இடத்தில் கிடைக்கும் தண்ணீரைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் பேசப் போகிறோம்.

தண்ணீருக்குப் பஞ்சமில்லாத சீமை

ஸ்ரீமுஷ்ணம் தண்ணீரோடு சம்பந்தப்பட்ட ஊர். கோயிலை ஒட்டிய நித்ய புஷ்கரிணி, வராக மூர்த்தியின் திருமேனி வியர்வையிலிருந்து உண்டானது என்பது ஐதீகம். பக்கத்துக் கூடலையாற்றூரில் மணிமுத்தாறு வெள்ளாற்றோடு சேருகிறது. தெற்கே போனால் வீராணம் ஏரி. பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய அந்த ஏரியிலிருந்துதான் 2004-ஆம் ஆண்டு முதல் சென்னைக்குக் குடிநீர் போகிறது. வடக்கே நெய்வேலி. 1957-இல் அங்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலை தொடங்கியபோது, நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்கியிருந்த நீரைப் பம்பு வைத்து இறைத்தால்தான் மேலே வேலையே செய்ய முடியும் என்ற நிலை இருந்தது. பூமிக்கு மேலும் தண்ணீர், கீழும் தண்ணீர்!

ஆனால் தண்ணீர் இருப்பது வேறு, நல்ல தண்ணீர் தம்ளருக்கு வந்து சேருவது வேறு. ஊர்க் குழாயில் வருவதற்குப் பொறுப்பு சொல்லப் பேரூராட்சி இருக்கிறது. ஊரைத் தாண்டிப் பாருங்கள். சாலையோரத்துப் பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, அரிசி மில், பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், யாத்திரிகர் சத்திரம் - நம் நாட்டுக் கிராமப் புறங்களில் இவற்றில் பலவற்றுக்குத் தனித் தனியாக ஓர் ஆழ்குழாய்க் கிணறு, ஒரு மோட்டார், மாடியில் ஒரு தொட்டி, கீழே நாலு குழாய் என்று ஏற்பாடு இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி நீர்நிலையம். இந்தக் குட்டி நிலையத்துக்கு இன்ஜினீயர் யார்? மோட்டார் ஸ்விட்சைப் போடுகிற வாட்ச்மேன்தான்!

இருபத்தைந்து பேர் கணக்கு

வீட்டுக் கிணற்றுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வீட்டுத் தண்ணீரை வீட்டார் குடிக்கிறார்கள். கெட்டால் அவர்களுக்கே தெரியும், அவர்களே கவனிப்பார்கள். மற்றதை நாலு பேர் குடிக்கிறார்கள். குடிக்கிறவர் ஒருவர், பார்த்துக் கொள்ள வேண்டியவர் இன்னொருவர். சங்கடம் அங்கேதான் ஆரம்பம்.

அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று கொண்டு வந்தார்கள். அதன்படி, வருஷத்தில் அறுபது நாளாவது இருபத்தைந்து பேருக்குக் குடிநீர் கொடுக்கிற எந்த ஏற்பாடும் பொது நீர் விநியோகம்தான். அது நகரசபைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கும் இடமானாலும் சரி, நெடுஞ்சாலை ஹோட்டலானாலும் சரி, சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தண்ணீரைப் பரிசோதித்தாக வேண்டும்.

அதிலும் இரண்டு ஜாதி பிரித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், தொழிற்சாலை போன்ற இடங்களில் வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் அதே ஆட்களே குடிக்கிறார்கள். கூடாரத் தலத்திலும் பெட்ரோல் பங்கிலும் வந்து போகிறவர்கள் குடிக்கிறார்கள். வந்து போகிறவருக்கு ஒரே தம்ளரில் கெடுதல் செய்யக் கூடியவை கிருமிகளும் நைட்ரேட்டும். நைட்ரேட் பெரியவர்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் அதிகமாக உள்ள நீரில் பால் பவுடர் கலக்கிக் கைக்குழந்தைக்குப் புகட்டினால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தையின் உடம்பு நீலம் பாரித்துவிடும். ஆகவே இவ்விரண்டையும் எல்லா இடத்திலும் பார்த்தாக வேண்டும். தினந்தோறும் ஒரே தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கோ, மெதுவாகக் கொல்கிற சரக்குகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மெதுவாகக் கெடுக்கும் சரக்குக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. பல்லில் கறை விழுந்து, எலும்பு இறுகி, முதுகு வளையும் ஃப்ளோரைடு நோயை 1937-இல் அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் டாக்டர்கள் கண்டு எழுதினார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் இந்தத் தொல்லைக்காகவே ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டு போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ஃப்ளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. காய்ச்சினாலும் போகாது, இன்னும் சற்று சுண்டி அதிகமாகத்தான் ஆகும்!

வாசனை பிடிக்கவில்லை

"தெளிந்த தண்ணீர், தித்திப்பாக இருக்கிறது, இதற்கு மேல் என்ன பரிசோதனை?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். கதை என்றேனே தவிர நடந்த சமாசாரம்.

கனடாவில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். ஏறக்குறைய ஐயாயிரம் ஜனங்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பெருமழை பெய்தது. பக்கத்துப் பண்ணை நிலத்துக்கு எருவாகப் போட்டிருந்த சாணத்திலிருந்து கிருமிகள் மழை நீரோடு இறங்கி, அதிக ஆழமில்லாத ஓர் ஊர்க் கிணற்றில் கலந்துவிட்டன. கிணற்றில் போதிய குளோரின் கலந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். கலக்கவில்லை. இரண்டாயிரத்து முந்நூறு பேருக்கு மேல் வயிற்றுப் போக்கில் விழுந்தார்கள். ஏழு பேர் இறந்து போனார்கள்.

நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை நடந்தது. பண்ணைக்காரர் மேல் குற்றமில்லை என்று அவர் சொன்னார். குளோரின் அளவைத் தினம் அளந்து எழுத வேண்டியவர்கள், அளக்காமலே ஏதோ ஓர் எண்ணை நோட்டில் எழுதி வந்திருந்தார்கள். அவர்கள் ஊரைக் கெடுக்க நினைத்த பாவிகள் அல்ல. தங்கள் கிணற்றுத் தண்ணீர் அமிர்தம் என்று நிஜமாகவே நம்பியவர்கள்; குளோரின் கலக்காத நீரைத் தாங்களும் குடித்தவர்கள். ஊரில் சிலருக்குக் குளோரின் வாடையும் பிடிக்கவில்லையாம்!

நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டு அல்லவா? "ஐயோ, மருந்து நாற்றம்!" என்று முகத்தைச் சுளிக்கிறோம். சகோதரிகளே, அந்த லேசான வாடைதான் தண்ணீருக்குக் காவலாள் இன்னும் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

ஒரு சிட்டிகையா, ஒரு டப்பாவா?

காவலாளை எப்படி வைப்பது? பிளீச்சிங் பவுடர் நல்ல சரக்காக இருந்தால், தெளிந்த நீர் ஆயிரம் லிட்டருக்கு உத்தேசமாக இரண்டரை கிராம் போதும். பள்ளிக்கூடத்து மாடியில் பத்தாயிரம் லிட்டர் தொட்டி இருந்தால் இருபத்தைந்து கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் குழாயைத் திறக்கலாம். நீர் கலங்கலாக இருந்தால் இந்த அளவு போதாது. அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

அதனால்தான், போட்ட அளவை விட மிச்சமிருக்கும் அளவு முக்கியம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று நம் நாட்டுக் குடிநீர்த் தரக் குறிப்பு கூறுகிறது. சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து இரண்டு துளி மருந்து விட்டால், வரும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ரசத்துக்கு உப்பு பார்ப்பதைவிடச் சுலபம்!

இவ்வளவு சுலபமானது ஏன் தவறிப் போகிறது? பவுடர் மூட்டையை வாய் திறந்தே வைத்திருந்தால் சில வாரங்களில் அதன் சக்தி குறைந்து வெறும் சுண்ணாம்பாக நிற்கும். அளக்கத் தராசு இருக்காது. ஒருநாள் சிட்டிகை, ஒருநாள் டப்பா என்று ஆகும். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்துத் தொட்டித் தண்ணீர் இரண்டு மாதம் தேங்கிக் கிடக்கும். திறப்பு விழாவன்று குழாயைத் திறந்தால் அதே நீர்தான் குழந்தைகளின் வாய்க்கு வரும். தொட்டியின் மூடி காற்றில் பறந்து போயிருக்கும். காக்கைக்கும் அணிலுக்கும் அது ஸ்நான கட்டம். கிணற்றைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் உடைந்திருந்தால் சாக்கடை நீர் குழாயை ஒட்டியே கீழே இறங்கிவிடும்.

இதற்கெல்லாம் பெரும் செலவு ஒன்றும் இல்லை. வாட்ச்மேனுக்கு ஓர் அளவுக் கரண்டி, மூடியுள்ள டப்பா, ஒரு நோட்டு, ஒரு நாள் பயிற்சி, அவ்வளவுதான். ஆனால் "இது உன் பொறுப்பு" என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. சம்பளத்திலும் அதற்கென்று காலணா சேர்த்ததில்லை. நாலு பேர் தண்ணீருக்கு ஒரு பெயர் சொல்லிப் பொறுப்பு வைக்காத வரையில், அது யாருடைய தண்ணீரும் அல்ல.

பெண்கள் கையில் ஒரு புட்டி

நம்மிடம் ஏற்பாடே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 முதல் இருக்கிறது. அதன் பரிசோதனைக் கூடங்களில் தண்ணீரைச் சோதித்துத் தருகிறார்கள். வீடுதோறும் குழாய் என்ற ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் அறிவிக்கப்பட்டது. 2020 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, பள்ளிக்கூடங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழாய் நீர் கொடுக்கத் தனி இயக்கமே ஆரம்பித்தார்கள். கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது இத்திட்டத்தின் ஒரு விசேஷ அம்சம். அரிசியில் கல் பார்க்கிற கண்ணுக்கு, சோதனைக் குழாயில் நிறம் பார்ப்பது பிரமாதமா என்ன?

அந்தப் பெண்களுக்கு உதவியாக ஒரு சிறிய புட்டி இருக்கிறது. குவாலியரில் நம் விஞ்ஞானிகள் உண்டாக்கி 1982-இல் உலகுக்குச் சொன்ன முறை அது. மருந்து தோய்த்த காகிதம் உள்ள புட்டியில் தண்ணீரை நிரப்பி, ஒரு நாள் முழுதும் சற்று வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் போதும். மலக் கிருமிகள் கலந்திருந்தால் நீர் கன்னங்கறேலென்று ஆகிவிடும். எழுத்து வாசனை இல்லாத பாட்டிக்குக் கூடப் புரியும் பரிசோதனை.

விருத்தாசலத்தில் இறங்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வரட்டும். அது பீங்கான் தொழிலுக்குப் பெயர் போன ஊர். பாஸ்டரின் சீடரான சாம்பர்லாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர், மெருகிடாத பீங்கானின் நுண்ணிய துவாரங்களில் கிருமிகள் நுழைய முடியாது என்று கண்டு 1884-இல் வடிகட்டி செய்தார். நம் பாட்டி வீட்டு ஃபில்டரில் நிற்கும் வெள்ளை மெழுகுவர்த்திக்கு அதுதான் பூர்வ கதை. ஆனால் அதனினும் நுண்ணிய வைரஸ் கிருமிகள் அதில் நழுவி வந்துவிடும். சந்தேகமான இடத்தில் கொதிக்க வைப்பதே உத்தமம்.

தண்ணீர்ப் பந்தல் தர்மம்

மாசி மகத்தன்று பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். அங்கே முஸ்லிம் அன்பர்களும் ஸ்வாமியை வரவேற்று மரியாதை செய்வது நெடுநாளைய வழக்கம். கூட்டம் கூடுகிற திருவிழா என்றால் நம் நாட்டில் தண்ணீர்ப் பந்தலும் நீர்மோரும் இல்லாமல் இராது. கேட்காமலே கொடுக்கிற தர்மம். யார் என்ன ஜாதி என்று பார்க்காமல் கொடுக்க வேண்டிய தர்மம்.

அந்தத் தர்மத்தோடு இன்னும் இரண்டே சங்கதிகளைச் சேர்த்துக் கொண்டால் போதும். டிரம்முக்குள் பத்துப் பேர் கையும் ஒரே சொம்பும் போய் வருவதற்குப் பதில், அடியில் ஒரு குழாய் வைத்துவிடலாம். லாரித் தண்ணீர் வந்தால், குளோரின் இருக்கிறதா என்று இரண்டு துளி மருந்து விட்டுப் பார்த்துவிட்டு விநியோகிக்கலாம்.

நீங்கள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, கணக்கில் மார்க்கு ஏன் குறைந்தது என்று கேட்பதற்கு முன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? தண்ணீரைப் பரிசோதித்த சீட்டு எங்கே? தினமும் மருந்து போடுகிறவர் பெயர் என்ன?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், அந்த மனிதரைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் குழந்தையின் வயிறு அவர் கைக் கரண்டியில் இருக்கிறது.