ஜெர்மானியர் இல்லாத ஜெர்மன் விழா

விழிஞ்ஞத்துக்கு ஜெர்மானியர்கள் புதியவர்கள் அல்ல. துறைமுகத்தை ஒட்டிய சொவ்வரை, கோவளம் கடற்கரைகளில் ஆயுர்வேத சிகிச்சைக்காக வந்து தங்கும் வெளிநாட்டினரில் அவர்கள் கணிசம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு, உடம்பைத் தேற்றிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். ஆனால் வந்த இடத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுப்போன ஒரு ஜெர்மானியரைத் தேடுபவர் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் பயணம் செய்து, எல்லை தாண்டி, கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடிக்குப் போக வேண்டும். கற்சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். அங்குள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தின் பெயரிலேயே அவர் இருக்கிறார்: ரிங்கல்தௌபே.

உலகில் ஜெர்மன் மரபைக் கொண்டாடும் ஊர்கள் பல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1846-ல் ஜெர்மானியர் நிறுவிய பிரெடரிக்ஸ்பர்க், 1984-லிருந்து பீர் திருவிழா நடத்தும் பிரேசிலின் புளூமெனாவ் என்று பட்டியல் நீளும். அங்கெல்லாம் கொண்டாடுபவர்கள் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். மயிலாடியில் கதையே வேறு. ஜெர்மன் ரத்தமும் இல்லை, மொழியும் இல்லை, பீரும் இல்லை. ரிங்கல்தௌபே மணமாகாதவர். அவருக்குச் சந்ததி கிடையாது. என்றாலும் அவரை முன்னோராக வரித்துக்கொண்ட குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

இந்த மாவட்டத்துச் சபைகளில் ஆண்டு விழா என்றால் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் குடும்பத்தோடு ஊர் திரும்புவார்கள். பாட்டி, தாத்தா, பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறை ஒரே பெஞ்சில் உட்காரும். சபை வரலாறு வாசிக்கப்படும். கடைசியில் அசனம் என்ற பொதுப் பந்தி. அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே சோற்றை உண்பது இன்று சாதாரணம். அந்த வரலாறு தொடங்கிய நாளில் அது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

காட்டுப்புறா வந்த வழி

வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1770-ல் பிரஷியாவின் சைலீசியாவில் பிறந்தவர். அந்தப் பகுதி இப்போது போலந்தில் இருக்கிறது. படித்தது ஹாலே பல்கலைக்கழகத்தில். லண்டன் மிஷன் அனுப்பி 1804-ல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்றார். சீகன்பால்கு அதே கரையில் இறங்கி நூறாண்டு நிறைந்த 1806-ல், ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். அவர் பெயருக்கு ஜெர்மன் மொழியில் ஒருவகைக் காட்டுப்புறா என்று பொருள்.

அழைத்தவர் ஒரு மயிலாடிக்காரர். சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். திரும்பும் வழியில் தஞ்சையில் கிறிஸ்தவ போதனையைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். தீண்டாமையும் தலைவரியும் ஊழியமும் அழுத்திக்கொண்டிருந்த காலம் அது.

திவான் வேலுத்தம்பியின் காலத்தில் ஆலயம் கட்ட அனுமதி கிடைக்கவில்லை. அவர் வீழ்ந்தபின், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மெக்காலேயின் தயவில் 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. கூடவே பள்ளியும். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வேரை அந்த 1809-ம் ஆண்டில்தான் காண்கிறது. விழிஞ்ஞத்திலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்கள் பாளையத்துக்குப் பக்கத்தில் பார்க்கும் எல்.எம்.எஸ். ஜங்ஷனும் அதே மிஷனின் பெயர்தான். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி எல்லை விழுந்தபோது ஊர்கள் இரண்டு மாநிலங்களுக்குப் போயின. மரபு இருபுறமும் நின்றுவிட்டது.

ஆனால் ரிங்கல்தௌபே நிற்கவில்லை. சம்பளத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கே கொடுத்துவிட்டு, கந்தலோடு திரிந்த அவர், உடல்நலம் கெட்டு 1816-ல் புறப்பட்டார். பிறகு கடல் கடந்து போன அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கல்லறையும் இல்லை.

இரண்டாவது பெயர்

விழாக்களில் வெள்ளைக்காரரின் பெயரே உரத்து ஒலிப்பது வழக்கம். ஆனால் மயிலாடி ஆலயத்தின் பெயரில் வேதமாணிக்கமும் சேர்ந்தே இருக்கிறார். நியாயமும் அதுதான். 1816-ல் ஜெர்மானியர் கிளம்பியதற்கும் 1818-ல் சார்லஸ் மீட் வந்து சேர்ந்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் சபைகளைக் கட்டிக்காத்தவர் வேதமாணிக்கம். தெருவில் நடக்கவே உரிமை மறுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் பொறுப்பேற்று நடத்திய மிஷன் அது. அவர் 1827-ல் காலமானார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிய 1855 ஆயிற்று. தோள்சீலைப் போராட்டத்துக்கு அரசு இறங்கிவர 1859 ஆயிற்று.

கணக்கு அத்தோடு தீரவில்லை. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் புத்த மதத்தினரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. இதை ஆராய 2022-ல் மத்திய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. மதம் மாறினால் சாதி மாறிவிடும் என்பது சட்டத்தின் நம்பிக்கை. கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகளுக்கும் தேர்தல் நடக்கும் சபைகளுக்கும் உண்மை தெரியும்.

எனவேதான் இந்த விழா வெறும் நன்றிக்கடன் அல்ல. நாக்கு சுளுக்கும் ஜெர்மன் பெயரைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் தாத்தா, கூடவே ஒரு தமிழ்ப் பெயரையும் சொல்லிக்கொடுத்தால், யார் வந்தார் என்பதோடு யார் அழைத்தார், ஏன் அழைத்தார் என்பதும் பிள்ளைக்குப் புரியும். பந்தியில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்வதற்குக் கொடுத்த விலையும் அப்போதுதான் தெரியும்.