வைத்தியர் சங்கங்களும் ஒரு மசோதாவும்

2018 ஜனவரி 2-ந் தேதி, தில்லியிலோ மும்பையிலோ வாழும் நம்மில் சிலர் குடும்ப வைத்தியரின் கதவு அடைத்திருக்கக் கண்டிருப்போம். 1928-இல் கல்கத்தாவில் தோன்றிய இந்திய மருத்துவச் சங்கம் விடுத்த அழைப்பின் விளைவு அது.

சித்தம், ஆயுர்வேதம், ஹோமியோபதி முதலியன பயின்றோர் ஓர் இணைப்புப் படிப்பை முடித்தால் ஆங்கில மருந்துகளையும் ஓரளவு எழுதித் தரலாம் என்றது அப்போதைய தேசிய மருத்துவ ஆணைய மசோதா. சங்கம் அதனை எதிர்த்தது. கதவடைப்பு நடந்த அன்றே மசோதா நிலைக்குழுவுக்குச் சென்றது. மார்ச்சு மாதத்தில் மந்திரிசபை அவ்விதியை நீக்கிற்று. போதிய பயிற்சியில்லாதார் கையில் நோயாளியை ஒப்புவிக்கலாகாது என்னும் வாதத்தில் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். ஆனால் கிராமத்துக்கு வைத்தியர் வராத குறை, சங்கத்தின் வெற்றியால் தீர்ந்துவிடவில்லை. நோயாளிகளுக்கோ கதவடைக்கச் சங்கமும் இல்லை.

2019 ஜூலையில் வந்த புதிய மசோதாவின் 32-ஆம் பிரிவு, நவீன மருத்துவத்தோடு தொடர்புடைய தொழில் புரிவோர் சிலருக்கு வரம்புக்குட்பட்ட அனுமதி அளிக்க முற்பட்டது. சங்கம் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தது. தில்லி ஆஸ்பத்திரிகளின் உறைவிட வைத்தியர் சங்கங்களும் போராட்டத்தில் இறங்கின. இம்முறை அரசு இணங்கவில்லை. பதிவுபெற்ற வைத்தியர் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் அத்தகையோர்க்கு அனுமதி தரலாம் என்னும் அப்பிரிவு சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது.