விளையாடிக் காட்டுபவருக்குக் கூலி கொடுப்பது யார்?

பிள்ளையின் கையில் செல்போன் இருக்கிறது. ஆனால் அவன் விளையாடவில்லை. யாரோ ஒருவர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "அடுத்தவன் விளையாடுவதில் உனக்கு என்னடா?" என்று வாப்பா கேட்டால் பதில் வராது. மட்டையே பிடிக்காதவர்களும் டிவி கடை வாசலில் நின்று கிரிக்கெட் பார்த்த காலம் நமக்கு மறந்திருக்காது. இதுவும் அதுபோலத்தான். பார்ப்பதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கிரிக்கெட்டில் ஓவர் முடிந்த பிறகு விளம்பரம் தனியாக வரும். இங்கே விளையாடுபவரின் பேச்சே விளம்பரமாக இருக்கலாம். பெரியவர்களுக்கே அது எளிதில் பிடிபடாது.

அமெரிக்காவில் விசாரணைக்கு வந்த இரண்டு சம்பவங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

2014-ல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 'ஷேடோ ஆஃப் மோர்டார்' என்ற வீடியோ கேமை வெளியிட்டது. யூடியூபில் பெயர் பெற்ற விளையாட்டாளர்களுக்குச் சில நூறு டாலர் முதல் பல்லாயிரம் டாலர் வரை கொடுத்து அதைப் பற்றி வீடியோ போடச் செய்தார்கள். நல்லதாகவே பேச வேண்டும், விளையாட்டில் உள்ள கோளாறுகளைக் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. பணம் வாங்கிய செய்தி வீடியோவுக்குக் கீழே, 'மேலும் காட்டு' என்பதை அழுத்தினால் மட்டும் தெரியும் இடத்தில் கிடந்தது. சிலர் அதைக்கூடச் சொல்லவில்லை. அந்த வீடியோக்கள் 55 லட்சம் முறைக்கு மேல் பார்க்கப்பட்டன. பியூடிபை என்று அறியப்பட்ட ஸ்வீடன் நாட்டு யூடியூபரின் வீடியோ மட்டும் 37 லட்சம். இப்படி மறைத்தது தவறு என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2016-ல் நடவடிக்கை எடுத்தது.

அடுத்தது இதைவிட மோசம். 'கவுன்டர் ஸ்ட்ரைக்' என்ற துப்பாக்கி விளையாட்டில் ஆயுதங்களுக்குப் பூசும் அலங்காரத்துக்கு 'ஸ்கின்' என்று பெயர். வெறும் நிறம்தான், துப்பாக்கியின் வேகம் கூடாது. ஆனாலும் அதை விற்கலாம், வாங்கலாம். சில ஸ்கின்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை. விலை இருந்தால் பந்தயமும் வரும். ஸ்கின்களைப் பணயமாக வைத்து ஆடும் இணையதளங்கள் முளைத்தன. காசுக்குப் பதில் ஸ்கின், அவ்வளவுதான் வித்தியாசம். சூது சூதுதான்.

அப்படி ஒரு தளம் 'சிஎஸ்கோ லோட்டோ'. ட்ரெவர் மார்ட்டின், தாமஸ் காசெல் என்ற இரண்டு பிரபல யூடியூபர்கள் அதில் பந்தயம் கட்டி ஜெயிப்பதை வீடியோவாகப் போட்டார்கள். 5 நிமிடத்தில் 13,000 டாலர் ஜெயிப்பது எப்படி என்றுகூட ஒரு தலைப்பு. பார்த்தவர்களுக்குத் தெரியாத விஷயம், அந்தத் தளத்தை நடத்தியதே இவர்கள் இருவரும்தான். மார்ட்டின் தலைவர், காசெல் துணைத் தலைவர். மற்ற யூடியூபர்களுக்கும் 2,500 முதல் 55,000 டாலர் வரை கொடுத்து, தளத்தைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். 2016-ல் குட்டு வெளிப்பட்டது. 2017-ல் ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டார்கள். இனி தங்களுக்குள்ள தொடர்பைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அபராதம் ஒரு டாலர்கூட இல்லை. பார்த்து ஏமாந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுவிடாதீர்கள்.

சினிமா நட்சத்திரம் சோப்பு விளம்பரத்தில் வந்தால் அது காசுக்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விளையாட்டாளர் அப்படி இல்லை. தினமும் மூன்று மணி நேரம் 'ப்ரோ' என்று கூப்பிட்டுப் பேசுகிறார், தோற்றால் புலம்புகிறார், பிள்ளை அனுப்பிய செய்தியைப் பெயர் சொல்லி வாசிக்கிறார். பிள்ளைக்கு அவர் ஒரு கூட்டாளி. நிறுவனம் விலை கொடுத்து வாங்குவது அந்தக் கூட்டாளித்தனத்தைத்தான்.

அந்த ஆசை கடைசியில் போய்ச் சேருவது வாங்கும் பொத்தானில். 'ஃபோர்ட்நைட்' இலவச விளையாட்டு; வருமானம் உடை, நடனம், ஸ்கின் விற்பதில்தான். பிள்ளைகள் பெற்றோர் அனுமதியின்றி ஒரே அழுத்தில் வாங்கும்படி பொத்தான்களை அமைத்தது, குழந்தைகளின் தகவல்களைச் சேகரித்தது ஆகிய புகார்களில் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. அதில் 24.5 கோடி டாலர், பணம் இழந்தவர்களுக்குத் திருப்பித் தருவதற்காக.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கூலி வாங்கிப் பேசுபவர் அதை வீடியோவிலேயே காட்டவும் வேண்டும், வாயால் சொல்லவும் வேண்டும். நேரலை என்றால் அந்த அறிவிப்பு திரையில் தொடர்ந்து தெரிய வேண்டும். மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் மீறினால் 50 லட்சம் வரை அபராதம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்தது. அவற்றுக்கு விளம்பரம் செய்தாலே 2 ஆண்டு வரை சிறை உண்டு.

ஆகவே ஒருநாள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பார்க்கும் நேரலையை நீங்களும் பாருங்கள். திட்ட வேண்டாம். அந்த அறிவிப்பு திரையில் எங்கே இருக்கிறது என்று அவனையே தேடச் சொல்லுங்கள். உம்மாவின் செல்போனில்தான் விளையாடுகிறான் என்றால், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். யுபிஐ எண் அவனுக்குத் தெரியும் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள்.